ரோசபால் சகோதரிகளின் கடைசிச் சுற்று

கடைசிச் சுற்றில் யார் யாரோடு ஆடுவது என்ற தாளை நான் சுவரில் ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பின்னால் சிரிப்பு எழுந்தது. முதல் பலகையில் ரோசபாலுக்கு எதிராக ரோசபால். அக்காவுக்கும் தங்கைக்கும் ஆட்டம்.

கியூபாவில் எங்கள் ஊரான பயாமோவில் கிழக்கு மாகாணங்களின் பெண்களுக்கான தேர்வுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. வருடம் எண்பத்தேழு. முதலிடம் பெறுகிறவள் மட்டும் ஹவானாவில் நடக்கும் தேசிய இறுதிக்குப் போவாள். அங்கே நன்றாக ஆடுகிறவர்களைப் பல்கேரியாவுக்கும் போலந்துக்கும் அனுப்புவார்கள். நான் நடுவர். தமாயோ என்று கூப்பிட்டால் எங்கள் ஊரில் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும், அவ்வளவு தமாயோக்கள். நான் சதுரங்கத் தமாயோ.

நூரியா ரோசபாலுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சிறு பெண்ணாக இருந்தபோதே விளையாட்டுப் பள்ளியில் சேர்த்து, பயிற்சியாளர் வைத்து, மாகாணம் வளர்த்த ஆட்டக்காரி. ரேட்டிங் என்கிற தரப்புள்ளி இரண்டாயிரத்து இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா ஒனேலியாவுக்கு முப்பத்தாறு. தொலைபேசி நிலையத்தில் வேலை, கணவனும் வீடும் உண்டு, மாலையில் நேரம் கிடைத்தால் கழகத்துக்கு வந்து ஆடுவாள். அவள் ரேட்டிங் தங்கையைவிட முந்நூறு புள்ளி குறைவு. சதுரங்கத்தில் முந்நூறு புள்ளி என்பது சின்ன வித்தியாசம் இல்லை. பத்து ஆட்டம் ஆடினால் மேலே இருப்பவர் எட்டோ ஒன்பதோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் போட்டியில் ஒனேலியா அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்படி ஆடினாள். ஐந்தாவது இடத்தில் இருந்தாள். நூரியா முதலிடம். அவளுக்கு அரைப் புள்ளி பின்னால் பக்கத்து மாகாணமான சாந்தியாகோவிலிருந்து வந்த சுலேமா. மேலே இருந்த எல்லோரோடும் நூரியா ஏற்கெனவே ஆடி முடித்திருந்ததால் கணக்கு அக்காவிடம் கொண்டுவந்து விட்டது. நூரியாவுக்கு டிரா போதும். சுலேமா தன் ஆட்டத்தை ஜெயித்துச் சமமாக வந்தாலும், நேரடி ஆட்டத்தில் சுலேமாவைத் தோற்கடித்தவள் என்ற வகையில் ஹவானாவுக்குப் போவது நூரியாதான். ஒனேலியாவுக்கு ஜெயித்தாலும் ஹவானா இல்லை. தோற்றாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

சிரிப்புக்குக் காரணம் அதுதான்.

மறுநாள் காலை எலாதியோ ரோசபாலின் குதிரை வண்டியில்தான் நானும் போனேன். எலாதியோ அவர்கள் அப்பா. எங்கள் ஊரில் பேருந்தைவிடக் குதிரை வண்டிதான் அதிகம். அவருடையது எதிரெதிராக இரண்டு பலகை போட்ட வண்டி. போட்டி நடந்த நாட்களில் முதல் சவாரி மகள்களுக்கு, அதற்கப்புறம்தான் ஊருக்கு. என் வீடு போகிற வழியில் இருந்ததால் மூலையில் நின்று ஏறிக்கொள்வேன்.

நூரியா பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து கொய்யாப்பழப் பாகு வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏ கிழவி, டிராவுக்கு ஒன்பது நகர்வு போதுமா, பத்து வேணுமா?"

"மொதல்ல தலைய வாரு," என்றாள் ஒனேலியா.

"ஹவானால போய் வாரிக்கறேன். அங்க கண்ணாடியெல்லாம் பெருசாமே."

"பல்கேரியாவுல இன்னும் பெருசு. அது வரைக்கும் வாராமயே இரு."

எலாதியோ கடிவாளத்தைப் பிடித்தபடி முன்னாலிருந்தே பேசினார். "பன்னிய விடியறதுக்கு முன்னாடியே கம்பில ஏத்தியாச்சு. பக்கத்து வீட்டு ரமோன் அதும் பக்கத்துலயே உக்காந்து சுத்திக்கிட்டிருக்கான். மத்தியானத்துக்கு மேல போச்சுன்னா தோலு ரப்பராயிடும், இப்பவே சொல்லிட்டேன். தமாயோ, நீங்களும் வர்றீங்க."

"ஆட்டம் முடியட்டும் எலாதியோ."

"என்ன ஆட்டம்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நூரியா சிரித்தாள். ஒனேலியாவும் சிரித்தாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குப் பிறகு ஊரில் பலர், அவள் மனதில் முன்பே ஏதோ வைத்துக்கொண்டுதான் வந்தாள் என்றார்கள். வண்டியில் உட்கார்ந்திருந்தவள் டிரா செய்துவிட்டுப் பன்றிக்கறி சாப்பிடப் போகிறவளாகத்தான் இருந்தாள்.

கூடத்தின் வாசலில் ஆர்ஹேலியோ நின்றிருந்தார். எங்கள் மாகாணத்தின் சதுரங்கப் பொறுப்பாளர். கெட்டவர் இல்லை, மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பவர். ஒனேலியாவை ஓரமாகக் கூப்பிட்டார். ஓரம் என்றால் நான் கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில்.

"தோழர் ஒனேலியா, பத்து நகர்வு ஆடுங்க, கை குடுங்க, கெளம்புங்க. சரியா?"

"இது உத்தரவா?"

"சேச்சே, யாரு உத்தரவு போடறது? பொது அறிவு."

"பொது அறிவுன்னா எனக்கும் இருக்கு, தோழர்."

"அதான் நானும் சொல்றேன்," என்று அவர் அவள் தோளைத் தட்டிவிட்டுக் காபி தேடிப் போனார்.

இதில் நடுவருக்கு வேலை இல்லை. கடைசிச் சுற்றில் பத்து நகர்வில் டிரா செய்வது உலகம் முழுக்க நடப்பது. விதிப்புத்தகம் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நானும் அப்படியே. கடிகாரங்களை ஒவ்வொரு பலகைக்குப் பக்கத்திலும் வைத்தேன், மணி அடித்தேன், ஆட்டங்கள் தொடங்கின.

ஒனேலியாவுக்கு வெள்ளைக் காய்கள். எப்போதும் ஆடுகிற மாதிரி ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். நூரியா யோசிக்காமல் பதில் ஆடினாள். இருவரும் சமையலறையில் பாத்திரம் எடுத்து வைப்பது போல மளமளவென்று காய்களை வைத்தார்கள். கூடத்தில் மற்ற ஆட்டக்காரிகள் இன்னும் நாற்காலியைச் சரிசெய்து முடித்திருக்கவில்லை, இவர்கள் ராஜாவைப் பாதுகாப்பாக மூலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்பதாவது நகர்வை ஆடிவிட்டு நூரியா வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே கழகத்துத் தோழிகள் இரண்டு பேர் நின்று கை காட்டினார்கள். அவளும் இடது கையால் அவர்களுக்குக் காட்டினாள். வலது கையை மேசைக்கு மேலே அக்காவின் முன் நீட்டினாள். டிரா என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பார்க்கவும் இல்லை.

கை அப்படியே நின்றது.

ஒனேலியா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். பிறகு ஒரு குதிரையை எடுத்து நடுக்கட்டத்தில் வைத்து, கடிகாரத்தை அமுக்கினாள்.

நூரியா திரும்பினாள். "ஏய். டிரா."

"கொஞ்சம் ஆடலாமே," என்றாள் ஒனேலியா.

"எதுக்கு?"

"வந்ததே வந்தாச்சு."

நூரியாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்தாள். இன்னும் நான்கைந்து நகர்வு போனது. நடுவில் ஒரு ஜோடிச் சிப்பாய்கள் வெட்டுப்பட்டன. நூரியா மறுபடி குனிந்து கிசுகிசுத்தாள். கூடம் அமைதியாக இருந்ததால் எனக்கும் கேட்டது.

"பன்னி கருகுது."

"கருகட்டும்."

"ஒனே, என்ன இது?"

"ஆட்டம்," என்றாள் ஒனேலியா.

அந்த இடத்தில் நூரியாவின் முகம் மாறியது. நாற்காலியை மேசையோடு இழுத்துக்கொண்டாள், முழங்கைகளை மேசையில் ஊன்றினாள். அவளுடைய நிலை அப்போது ஒன்றும் மோசமில்லை. ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டு, யானைகளையும் மாற்றிக்கொண்டிருந்தால் பலகையில் ஜெயிக்க எதுவும் மிஞ்சியிருக்காது, டிரா தானாக வந்திருக்கும். முந்நூறு புள்ளி அதிகமுள்ளவளுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் அவளுக்கு இப்போது டிரா வேண்டாம். அக்காவை அடிக்க வேண்டும். கையை அந்தரத்தில் நிற்க வைத்ததற்கு.

கழகத்தில் இருவரும் நூறு தடவை ஆடியிருப்பார்கள். நூரியா தாக்குவாள், ஒனேலியா சுருங்குவாள், நெரிந்து விழுவாள், காய்களைக் கலைத்துவிட்டு இன்னொன்று ஆடுவார்கள். நூரியா எதிர்பார்த்தது அதைத்தான். ஒரு பிஷப்பைத் தூக்கி ஒனேலியாவின் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயின் மேல் போட்டாள். வேண்டுமென்றே கொடுக்கும் பலி. எடுத்தால் ராஜாவின் வீட்டுக் கதவு திறந்துகொள்ளும், ராணி உள்ளே புகும்.

சுற்றி நின்றவர்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஆர்ஹேலியோவின் முகம் தெளிந்தது. எலாதியோவுக்குச் சதுரங்கம் தெரியாது, ஆனால் மகள்களின் முதுகைப் பார்த்தே யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சின்னவளின் முதுகு நிமிர்ந்திருந்ததைப் பார்த்து அவரும் நிம்மதியாக வெளியே குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

ஒனேலியா பிஷப்பை எடுத்தாள். எடுக்காமல் இருக்க வழியில்லை. நூரியாவின் ராணி உள்ளே வந்தது. அடுத்த நகர்வுக்கு ஒனேலியா எடுத்துக்கொண்ட நேரத்தில் பக்கத்துப் பலகைகளில் இரண்டு ஆட்டம் முடிந்தே போயின. கன்னத்தில் கை வைத்து அசையாமல் இருந்தாள். அவள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் இருபது வருடமாக ஆட்டக்காரர்களைப் பார்த்து வருகிறேன். பயந்து யோசிப்பவர்கள் பலகை முழுக்கக் கண்ணை ஓட்டுவார்கள். இவள் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் கம்பீரமாக நின்றிருந்த குதிரையைத் திரும்ப எடுத்து ராஜாவின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். பார்க்க அசிங்கமான நகர்வு. முன்னால் போன காயைப் பின்னால் இழுப்பதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தர மாட்டார். நூரியா உதட்டைச் சுழித்தாள். பிறகு பதில் நகர்வைத் தேட ஆரம்பித்தாள். தேடிக்கொண்டே இருந்தாள்.

பதில் இல்லை. அந்தக் குதிரை நின்ற இடத்தில் நூரியாவின் யானைக்கு நுழைய வழியில்லை. ராணி மட்டும் உள்ளே வந்து தனியாக நின்றது. இரண்டு நகர்வு கழித்து ஒனேலியா தன் ராணியைக் கொண்டுவந்து நேர் எதிரில் வைத்தாள். வெட்டிக்கொள்ளலாம் வா என்று. நூரியா ஒதுங்கிப் போயிருந்தால் தாக்குதலும் போய், கொடுத்த பிஷப்பும் போன கணக்கு. வெட்டினாள். ராணிகள் இரண்டும் பலகையை விட்டு இறங்கின. நூரியாவிடம் பிஷப்புக்கு ஈடாக இரண்டு சிப்பாய்கள் இருந்தன. ஈடு போதாது.

அதே சமயம் இரண்டாவது பலகையில் சுலேமா ஜெயித்துவிட்டு எழுந்தாள். காகிதக் கூம்பில் வறுத்த வேர்க்கடலையோடு வந்து முதல் பலகைக்குப் பின்னால் நின்றாள். பாவம், அவளுக்கும் அது சங்கடம். கடலையை வாயில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆர்ஹேலியோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தமாயோ, ஏதாவது செய்யுங்க."

"என்ன செய்யணும்?"

"எனக்கென்ன தெரியும்? நடுவர் நீங்க."

"கடிகாரம் ரெண்டும் சரியா ஓடுது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"இந்தப் பொம்பள வெறுமனே புள்ளிக்காக ஆடறா. ஒரு மாகாணத்தோட வாய்ப்பக் கெடுக்கறா."

"எல்லாரும் புள்ளிக்காகத்தான் ஆடறாங்க தோழர்," என்றேன். அவர் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். உள்ளே வரவே இல்லை.

நூரியா சாதாரணமாகத் தோற்றுவிடுகிற ஆட்டக்காரி இல்லை. ஒரு காய் குறைவாக வைத்துக்கொண்டு அவள் போராடிய விதம் அந்தப் போட்டியிலேயே நான் பார்த்த சிறந்த ஆட்டம். சிப்பாய்களைக் கைகோத்து முன்னே தள்ளினாள், யானையை அக்காவின் ராஜாவுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பொறி வைத்தாள். ஒனேலியாவிடம் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நாற்பதாவது நகர்வை, நேரம் தீர்ந்து கடிகார முள் விழுவதற்குள் ஆடியாக வேண்டும். அவசரத்தில் ஒரு சிப்பாயைத் தட்டிவிட்டு எடுத்து நிறுத்தினாள். ஆனால் பொறிகளில் சிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு நொடி நிறுத்தி, சுற்றிக்கொண்டு போனாள். முள் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் நாற்பதாவது நகர்வை ஆடி முடித்தாள்.

அதற்குப் பிறகு அவசரம் இல்லை. இருவருக்கும் நேரம் இருந்தது, இருவருக்கும் நிலை புரிந்தது. நூரியா தன் நகர்வை ஆடிவிட்டு முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒனே," என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "டிரா?"

இந்த முறை கையை நீட்டவில்லை.

ஒனேலியா நூரியாவின் நகர்வைத் தாளில் குறித்துக்கொண்டாள். எலாதியோ உள்ளே வந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பத் திரும்பக் கேட்டால் எச்சரிக்க வேண்டியது என் வேலை. அதற்கு அவசியம் வரவில்லை.

"இல்ல, நூரி," என்றாள் ஒனேலியா. ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். அந்தச் சிப்பாய் இனிக் கடைசி வரிசைக்குப் போய் ராணியாவதை யாராலும் நிறுத்த முடியாது.

நூரியா இன்னும் மூன்று நகர்வு ஆடினாள். பிறகு கடிகாரத்தை நிறுத்தி, தாளில் கையெழுத்துப் போட்டு, நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாள். கை கொடுக்கவில்லை. சுலேமா "நான் வந்து..." என்று ஏதோ சொல்லவந்தாள். ஒனேலியா அவளைப் பார்த்து, "போ பொண்ணே, நல்லா ஆடு," என்றாள்.

எலாதியோவின் வண்டி சின்ன மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய சத்தம் கேட்டது. பெரியவளுக்காக நிற்கவில்லை.

நான் முடிவுகளை எழுதி ஒட்டிவிட்டு வந்தபோது ஒனேலியா வெளியே நிழலில் நின்றிருந்தாள். இரண்டு பேரும் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மூலைக் கடையில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் சொன்னாள்.

"அந்தக் குதிரைய எப்படிப் பார்த்த?" என்று கேட்டேன்.

"ரொம்ப நேரமாத் தெரியவேயில்ல. தோத்தாச்சுன்னுதான் நெனச்சேன். அப்பறம் அது மட்டும் தெரிஞ்சுது. வேற எதுவுமே தெரியல, தமாயோ, அது ஒண்ணுதான்."

"டிரா பண்ணத்தானே வந்த?"

"ஆமா."

"அப்பறம்?"

"அவ கேட்டிருந்தா குடுத்திருப்பேன். 'அக்கா, எனக்கு இது வேணும்'னு ஒரு வார்த்த. வண்டியிலயாவது. யாருமே கேக்கல. அப்பா பன்னியப் பத்திப் பேசறாரு, ஆர்ஹேலியோ தோளத் தட்டறாரு. இவ எங்கயோ பார்த்துக்கிட்டுக் கைய நீட்டறா, கடையில மிச்சக் காசுக்கு நீட்டற மாதிரி."

"கடைசியில கேட்டாளே?"

"கடைசியில கேட்டா," என்றாள். "அப்ப நான் ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்."

இதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தமும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு பெரிய ஆட்டத்தை ஜெயித்தவளின் சந்தோஷம் அது.

விருந்துக்கு அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பன்றியை என்ன செய்ய முடியும்? அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கூப்பிட்டாகிவிட்டது, மரவள்ளிக்கிழங்கு வெந்து பூண்டும் நாரத்தைச் சாறும் ஊற்றியாகிவிட்டது. கொல்லையில் மாமரத்தடியில் நீள மேசை போட்டிருந்தார்கள். எல்லோரும் ரொம்ப மரியாதையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரமோன் மட்டும், காலையிலிருந்து பன்றியோடே இருந்ததால் விஷயம் தெரியாதவன், கோப்பையைத் தூக்கி, "நம்ம சாம்பியனுக்கு!" என்றான். யாரும் கோப்பையைத் தூக்கவில்லை.

நூரியா எழுந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எல்லாரும் நான் என்னமோ பெருந்தன்மையா சொல்லுவேன்னு பாக்கறீங்க. எனக்கு அதெல்லாம் வராது. எனக்கு ஹவானா வேணும். நேர்மையா வந்தாலும் சரி, இவ குடுத்து வந்தாலும் சரி. குடுத்திருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன், ராத்திரி நல்லாவும் தூங்கியிருப்பேன்."

"தெரியும்," என்றாள் ஒனேலியா மேசையின் மறுகோடியிலிருந்து.

"உனக்கு எதுக்கு அது? சொல்லு. அஞ்சாவது எடம் நாலாவது ஆச்சு. அதுக்கா?"

"எனக்கும் வேணும்னு இருந்துச்சு."

"என்ன வேணும்?"

"ஜெயிக்கணும்."

"எங்கிட்டயா?"

"உங்கிட்டத்தான். வேற யார் கிட்ட ஜெயிச்சு என்ன?"

நூரியா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எலாதியோ ஒரு பெரிய துண்டை வெட்டினார். யாருக்கு என்று கொஞ்சம் யோசித்துவிட்டு ஒனேலியாவின் தட்டில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்பிடு. ஆறிப்போச்சு," என்றார்.

பல மாதம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நூரியா கழகத்துக்கு வரும் நாட்களில் ஒனேலியா வர மாட்டாள். தொலைபேசி நிலையத்தில் ஒனேலியாவின் பகுதிக்கு நூரியாவின் அழைப்பு வந்தால் பக்கத்து நாற்காலிக்காரி எடுப்பாள். சுலேமா ஹவானாவில் கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தாள். ஆர்ஹேலியோ அந்தச் செய்தியைக் கழகத்தில் சத்தமாகப் படித்தார், ஒனேலியா உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்து. அவள் எதிரில் இருந்தவனிடம், "உன் நகர்வு," என்றாள்.

பேச்சு எப்படித் திரும்பி வந்தது என்பதை ஒனேலியாவே சொன்னாள். ஒருநாள் மாலை நூரியா கதவைத் தட்டினாளாம். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் இருந்த விரிப்பை எடுத்துப் போட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்த பலகையைப் பிரித்தாள். அந்த ஆட்டத்தின் காய்களை நினைவிலிருந்தே அடுக்கினாள். பிஷப்பைக் கொடுப்பதற்கு முந்தைய நிலை. விடியும் வரை இரண்டு பேரும் அதைப் போட்டுக் குடைந்தார்கள். குதிரை பின்னால் வரவில்லை என்றால் நூரியா ஜெயித்திருப்பாள் என்பது உறுதியானது. பிஷப்பைக் கொடுக்காமல் இருந்தால் டிரா என்பதும் உறுதியானது. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. கிளம்பும்போது நூரியா, "எனக்கு இன்னும் கோவம் போகல," என்றாளாம். "போகும்போது போகட்டும்," என்றாளாம் ஒனேலியா.

அடுத்த வருடம் தேர்வுப் போட்டி மான்சனில்யோவில், கடற்கரைப் பக்கம். அப்போதும் நான்தான் நடுவர். மூன்றாவது சுற்றிலேயே இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். யாரும் யார் தோளையும் தட்டவில்லை. நூரியா கறுப்புக் காய்களோடு நிதானமாக ஆடினாள். எதையும் பலி கொடுக்கவில்லை, எங்கும் அவசரப்படவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அக்காவின் ஆட்டத்தை முடித்தாள். அந்த வருடம் முதலிடம் அவளுக்கே. ஹவானாவில் ஆறாவதாக வந்தாள். பல்கேரியா கடைசி வரை கிடைக்கவில்லை. ஒனேலியா அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய ஆட்டக்காரி யாரையும் ஜெயித்ததில்லை. ஆடுவதை நிறுத்தவும் இல்லை.

மான்சனில்யோவில் அந்த ஆட்டம் முடிந்ததும் இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். பிறகு உணவுக்கூட வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நான் நின்றேன். மீன் வறுவல் தீர்ந்துகொண்டிருந்தது.

"நான் முன்னாடி நிக்கறேன்," என்றாள் நூரியா. "ஜெயிச்சவளுக்குப் பசி அதிகம்."

"தோத்தவளுக்குத்தான் அதிகம். நீ தோத்தப்ப எவ்வளவு தின்னன்னு எனக்குத் தெரியும், கதவச் சாத்திக்கிட்டு."

நூரியா திரும்பி அவளை முறைத்தாள். பிறகு தட்டை நீட்டி, "ரெண்டு பேருக்கும் போடுங்க," என்று பரிமாறுகிறவளிடம் சொன்னாள்.